ஏழு மணிக்காரர்கள்

எங்கள் தெருச் சுவர்களில் முதல் ஓட்டைகள் விழுந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், இட்லி வேகிற நேரத்தில். சத்தமில்லை, புகையில்லை, குண்டுமில்லை, ஞானம்மா வீட்டு முன்சுவரில் மட்டும் கட்டைவிரல் நுழைகிற அளவில் பதினோரு ஓட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன, ஞானம்மா இட்லிச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு வெளியே வந்து பார்த்து, "சலேத்து, கரண்டிய எடுத்துட்டு வாடி, செவுரு பொத்துப்போச்சு" என்று என்னைக் கூப்பிட்டாள், நானும் கலவையைக் குழைத்துக்கொண்டு போனேன்.

சலேத்து என்பது நான்தான். பதினெட்டு வருஷம் சித்தாளாகச் சட்டி சுமந்தேன், சுமக்கும்போதே கொத்தனார் கையைப் பார்த்துப் பார்த்துப் பூச்சு வேலையைக் கற்றுக்கொண்டேன். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஊர்க்காரர்கள் ஒரு பொம்பளையைக் கொத்தனார் என்று சொல்ல வாய் கூசி, "பூசுறவ" என்பார்கள். அவர்களுடைய கல்யாண மண்டபத்துச் சுவர் முழுக்க நான் பூசியதுதான். பூசி முடித்த மறுநாளிலிருந்து அந்த மண்டபத்துக்குள் எனக்கு வேலையில்லை.

ஓட்டை ஏன் விழுந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன், அதில் பெரிய அதிசயம் ஒன்றுமில்லை. அதற்கு இரண்டு வருஷம் முன்னால் நாலு பேர் கம்பு நுனியில் கேமராவைக் கட்டிக்கொண்டு வந்து, எங்கள் தெருவின் ஒவ்வொரு சுவரையும் படியையும் குழாயையும் தண்ணீர்த் தொட்டியையும் படமெடுத்தார்கள். "ஆள் யாரும் படத்துல விழக்கூடாது" என்றார்கள். சினிமா என்று நினைத்து நாங்கள் தெருவைக் கூட்டிப் பெருக்கிவிட்டு, பிள்ளைகளையும் ஆடுகளையும் உள்ளே அடைத்துக்கொண்டு இரண்டு நாள் கதவைச் சாத்திக் கிடந்தோம். அது சினிமா இல்லை, துப்பாக்கி விளையாட்டு. நர்சிங் படிக்கிற என் மகள் ஸ்டெல்லா, கூடப் படிக்கிற பெண்ணின் போனில் அதைப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள், "அம்மா, நம்ம தெருவுக்கு அதுல ஆளில்லாத ஊருன்னு பேரு வச்சிருக்காங்க." உலகத்தின் எந்த மூலையிலிருந்து எவன் அந்த விளையாட்டுக்குள் எங்கள் சுவரைச் சுட்டாலும் இங்கே எங்கள் சுவரில் ஓட்டை விழுந்தது. அவர்களுக்கு ஆட்டம் முடிந்ததும் சுவர் தானாகப் புதிதாகிவிடும். எங்களுக்கு நான்தான் பூச வேண்டும்.

சப்-இன்ஸ்பெக்டரிடம் போனோம், குண்டு எங்கே என்றார், சத்தம் கேட்டதா என்றார், இரண்டும் இல்லாவிட்டால் வழக்கும் இல்லை என்றார். கிராம நிர்வாக அலுவலர் வந்து பார்த்து, மழையே பெய்யாத வருஷத்தில், மழையால் சேதம் என்று எழுதிக்கொண்டு போனார். அதற்குமேல் கேட்பார் இல்லை. கேட்பார் இல்லாமல் வாழ்வது எங்கள் தெருவுக்குப் புதிதா என்ன, ஓட்டைகளோடு வாழப் பழகினோம்.

பழகப் பழக உலகம் முழுக்க எங்களுக்குத் தெரிந்துபோயிற்று. சுடுகிறவர்களின் பெயருக்குப் பக்கத்தில் அவரவர் நாட்டுக் கொடி தெரியும், ஸ்டெல்லா அதைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, எந்த நேரத்தில் எந்தச் சுவர் என்று தெருப் பெண்கள் மனப்பாடம் செய்துகொண்டார்கள். விடியற்காலையில் தொடங்கிக் காலை எட்டு வரை பிரேசில்காரர்கள். கூட்டமாக வருவார்கள், ஒரு பொத்தானை அழுத்தி ஆடிக்கொண்டே சுடுவார்கள், ஜெயித்துவிட்டால் சந்தோஷத்தில் கூரையைச் சுடுவார்கள், அதனால் அந்த நேரத்தில் யாரும் ஓட்டுக்குக் கீழே பாய் விரிப்பதில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கொரியாக்காரர்கள். ஒரு குண்டு வீணாக்க மாட்டார்கள், ஒரே இடத்தில் ஒரே ஓட்டை, அவர்கள் நாட்டில் பெரிய பரீட்சை நெருங்குகிற மாதத்தில் எனக்கு வேலையே இருக்காது. ராத்திரி பத்துக்கு மேல் போலந்துக்காரர்கள்; இன்னாசி வீட்டு அடுப்படியில் போய் மணிக்கணக்கில் பதுங்கிக் கிடப்பார்கள், அந்த அடுப்படிச் சுவர் சல்லடையாகி, இன்னாசி மனைவி சோற்றுப் பானையைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்கே வந்துவிட்டாள். சவுதிக்காரர்கள் நோன்பு மாதத்தில் பெருகுவார்கள். பெண் பார்க்க வருகிற வீட்டாரிடம் நாங்கள் நல்ல நேரம் சொல்லும்போது ராகுகாலத்தோடு கொரியா நேரத்தையும் தள்ளிச் சொன்னோம், அவர்களும் சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

எங்களை ஓட்டை தொடவில்லை. விளையாட்டுக்குள் நாங்கள் இல்லையே! எங்கள் தெருவை எடுத்துக்கொண்டு எங்களை வெளியே தள்ளியவர்கள், தெரியாமல் செய்த ஒரே நல்ல காரியம் அது.

அப்போதுதான் சௌதாமினி வந்தார். சென்னையில் பிறந்தவர், வெளிநாட்டில் ஒரு பல்கலைக்கழகத்தில் பேராசிரியை, எந்தெந்த நாட்டில் எப்படியெப்படி வீடியோ கேம் ஆடுகிறார்கள் என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. தான் ஆறு நாடு சுற்றிச் சேர்த்த சங்கதிகளை எங்கள் ஞானம்மா அரிசி புடைத்துக்கொண்டே சொல்வதைக் கேட்டு அந்த அம்மாவுக்குக் கண் விரிந்துவிட்டது. நல்ல மனசு, அதை நான் மறுக்கவில்லை. எங்கள் வீட்டில் உட்கார்ந்து கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டார். ஒரு பெரிய தாளில் கட்டம் கட்டமாகப் போட்டு, நேரத்துக்கு எதிரே நாட்டை எழுதிக்கொண்டே வந்தவர், சாயங்காலம் ஏழு மணியில் நின்றுவிட்டார். தினமும் ஏழிலிருந்து எட்டு வரை ஓட்டைகள் விழுந்தன, சுடுகிறவர்கள் கொடியை மறைத்திருந்தார்கள்.

"நேரத்த வச்சுப் பார்த்தா இது இந்தோனேசியாவா இருக்கலாம், அக்கா" என்றார்.

நான் விளக்குமாற்றிலிருந்து ஒரு பிடி ஈர்க்குச்சியை உருவிக்கொண்டு அவரைத் தண்ணீர்த் தொட்டிக்குக் கூட்டிப்போனேன். ஓட்டைக்குள் குச்சியை விட்டால், வெளியே எந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறதோ அங்கிருந்துதான் அது வந்திருக்கிறது, இது கொத்து வேலை தெரிந்த யாருக்கும் தெரியும். மற்ற நேரத்து ஓட்டைகளில் குச்சி நாலு பக்கமும் காட்டும், ஏனென்றால் அவர்கள் தெருவெல்லாம் ஓடுகிறார்கள், வீட்டுக்குள் நுழைகிறார்கள், மாடி ஏறுகிறார்கள். ஏழு மணி ஓட்டைகள் நாற்பதிலும் குச்சியைச் செருகினேன். நாற்பது குச்சியும் மேற்கே பார்த்தன, வாய்க்காலுக்கு அந்தக் கரையைப் பார்த்தன.

"பாத்தீங்களா டீச்சரம்மா. தொட்டி, எங்க தெருச் சங்கத்துப் போர்டு, குழாயடி, இந்த மூணும்தான் அவங்களுக்குக் குறி. எங்கேயோ இருக்கிற போலந்துக்காரன்கூட எங்க அடுப்படி வரைக்கும் வந்துட்டுப் போறான். இவங்க வெளையாட்டுலகூட வாய்க்காலத் தாண்ட மாட்டேங்கிறாங்க. அந்தப் பக்கம் நின்னுக்கிட்டே சுடுறாங்க. இது இந்தோனேசியா இல்ல. இது எங்க ஊருதான்."

அவர் குனிந்து குச்சிகளை ஒவ்வொன்றாக எண்ணினார். பிறகு தயங்கித் தயங்கி, "என் ஆராய்ச்சி நாடுகளப் பத்தினது, அக்கா. ஒரு ஊருக்குள்ளேயே இருக்கிற இன்னொரு ஊர் அதுல வராதே" என்றார்.

"அப்ப இந்த நாப்பது ஓட்டையையும் எந்த நாட்டுல எழுதுவீங்க?"

மற்றவை என்று எழுதினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பூமி உருண்டையைச் சுற்றி வந்தவருக்குப் பத்தடி வாய்க்காலைத் தாண்டக் கட்டம் இல்லை.

அதோடு போயிருந்தால் தேவலை. அந்த அம்மாவுக்கு எங்களைப் பார்க்கப் பார்க்க மனசு பொறுக்கவில்லை. "உங்க தெருவ எடுத்துக்கிட்டு உங்கள அழிச்சிட்டாங்க. நீங்களும் அதுல இருக்கணும். நான் விடமாட்டேன்" என்று அந்தக் கம்பெனியோடு ஆறு மாதம் சண்டை போட்டு ஜெயித்தும் விட்டார். எங்கள் எல்லோரையும் படமெடுத்து, அவரவர் வாசலில் அவரவரை நிறுத்தப்போகிறார்கள், எங்களைச் சுட்டால் சுடுகிறவனுக்குப் பத்துப் புள்ளி குறையும், அதையும் அவர்தான் வாதாடி வாங்கினார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்டோம். கம்பெனிக்காரர்கள் வந்தபோது தெருவே கல்யாண வீடாயிற்று. பட்டுச்சேலை கட்டினோம், கனகாம்பரம் வைத்தோம், யார் முன்னால் நிற்பது என்று ஞானம்மாவும் இன்னாசி மனைவியும் முடியைப் பிடிக்காத குறை. என் வாழ்நாளில் எவனும் எங்களை வாசலில் நிற்கவைத்துப் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டதில்லை. அந்தக் கிறுக்கு எனக்கும் பிடித்தது. "எம்மவ நர்சுக்குப் படிக்கா, அவளக் குழாயடியில, எல்லாருக்கும் முன்னால நிறுத்துங்க" என்று சண்டை போட்டு இடம் வாங்கியவள் நான்தான். அவள் சேலைக்கு இஸ்திரி போட்டதும் நான்தான். குழாயடி மேற்கைப் பார்த்து இருக்கிறது என்பது என் புத்தியில் அன்றைக்கு உறைக்கவில்லை, இதை நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

ஆட்களை விடுவதற்கு முன்னால், தெரு உயிரோட்டமாக இருக்கட்டும் என்று, எங்களோடு படமெடுத்த ஆடுகளை விளையாட்டுக்குள் விட்டார்கள். அன்றைக்குச் சாயங்காலம் ஏழு ஐந்துக்குப் பவுலின் கிடாய் குழாயடியில் அப்படியே சாய்ந்தது. ரத்தமில்லை, வயிற்றில் ஒரு ஓட்டை, இந்தப் பக்கம் பார்த்தால் அந்தப் பக்கம் தெரிந்தது. எட்டு மணிக்குள் ஒன்பது ஆடுகள். பவுல் அழுதுகொண்டே கறியைப் பங்கு போட்டான், நாங்கள் அழுதுகொண்டே தின்றோம், எந்தக் கறியிலும் ஈயம் இல்லை.

சௌதாமினிக்குப் போன் போட்டேன். "ஆட்டக் கடிச்சு மாட்டக் கடிச்சுக் கடைசியில மனுசனக் கடிக்க வந்தாச்சு, டீச்சரம்மா. எங்கள அதுலருந்து எடுக்கச் சொல்லுங்க."

இரண்டு நாள் கழித்து அவரே அழைத்தார். எல்லாம் முடிந்துவிட்டதாம், அடுத்த மாதம் பதினைந்தாம் தேதி சாயங்காலம் ஆறு மணிக்கு உலகம் முழுக்க ஒரே நேரத்தில் நாங்கள் உள்ளே வந்துவிடுவோமாம், கம்பெனியில் ஒருவர்கூட அதை நிறுத்தத் தயாராக இல்லையாம். ஆடு சாக ஒரு குண்டு, மனுஷர் சாக மூன்று என்று வைத்திருக்கிறார்களாம். "என்ன மன்னிச்சிருங்க, அக்கா" என்று அழுதார். அழுகையை வைத்து நான் என்ன செய்ய? "கண்ணத் தொடச்சுட்டு, நீங்க படிச்ச படிப்ப எங்களுக்கு ஒருதடவ உபயோகமா செய்யுங்க. எந்த நாட்டுக்காரன்கிட்ட எப்படிக் கேட்டா கேப்பான்னு சொல்லுங்க" என்றேன்.

சொன்னார், அந்தந்த மொழியில் எழுதியும் கொடுத்தார். அந்த ஒரு மாதம் எங்கள் தெருவே போனும் கையுமாக விளையாட்டுக்குள் நின்று உலகத்தைக் கும்பிட்டது. பிரேசில்காரர்களிடம் தனித்தனியாகக் கேட்காதே, கூட்டத்தில் சத்தமாகக் கேள் என்றார். கேட்டோம், ரொட்டிக்கடையில் வேலை பார்க்கிற லூசியா என்பவள் ஸ்டெல்லாவின் பெயரைத் தன் பெயரோடு சேர்த்து வைத்துக்கொண்டு, தன் கூட்டத்தார் நாற்பது பேரிடமும் சத்தியம் வாங்கினாள். கொரியாவில் அணித்தலைவனிடம் மட்டும் கேள், அவன் சொன்னால் மற்றவர்கள் மீற மாட்டார்கள் என்றார். அவன் எங்கள் பெயர்ப் பட்டியலை வாங்கி எந்த வாசலில் யார் என்று ஒரே நாளில் மனப்பாடம் செய்தான். போலந்தில் லாரி ஓட்டுகிற ஒருவன் இன்னாசி அடுப்படியில் ஒளிந்துகொண்டதற்காக இன்னாசி மனைவியிடம் மன்னிப்புக் கேட்டான். சவுதிக்காரர்கள் ஆண்டவன்மேல் ஆணையிட்டார்கள். மொழி தெரியாது, எங்கள் முகம் தெரியாது, கேட்டோம், கொடுத்தார்கள்.

ஏழு மணிக்காரர்களிடமும் விளையாட்டுக்குள் பேசிப் பார்த்தோம். எங்கள் குரல் கேட்டதும் சிரித்தார்கள். சிரிப்பிலிருந்து எனக்கு ஒவ்வொருத்தனையும் தெரிந்தது, அவர்கள் வீட்டுச் சுவரெல்லாம் பூசியவள் இல்லையா.

பதினைந்தாம் தேதி ஆறரைக்கு நாங்கள் வாய்க்கால் பாலத்தைத் தாண்டினோம். நாற்பத்திரண்டு பேர், காலில் செருப்போடு, படத்துக்குக் கட்டிய அதே பட்டுச்சேலையோடு போனோம். கல்யாண மண்டபத்து வராந்தாவில் இருபது இருபத்தைந்து பேர் வரிசையாக உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், பள்ளிக்கூடத்துப் பையன்களைச் சொல்லவில்லை, எல்லாம் வேலைக்குப் போகிற, பெண்டாட்டி பிள்ளை உள்ள ஆண்கள். நடுவில் ஹார்டுவேர் கடை சண்முகவடிவேலின் மகன் செழியன். அவன் பிறப்பதற்கு முன்னாலேயே நான் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்துவிட்டவள்.

"ஏ சலேத்து, என்ன கூட்டத்தக் கூட்டிக்கிட்டு இந்தப் பக்கம்?" என்றான்.

"சுடப் போறீங்களே தம்பி, யாரச் சுடுறீங்கன்னு பாத்துட்டுச் சுடுங்க. அதுக்குத்தான் வந்தோம்."

ஒவ்வொருத்தன் முன்னாலும் ஒருவர் இருவராகப் போய் நின்றோம். ஸ்டெல்லா நேரே செழியன் முன்னால் போனாள். நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன், உதறிவிட்டாள். "குழாயடியில நிக்கிறது நான்தான். இப்ப இங்கயும் நான்தான் நிக்கேன். உங்க கையில இருக்கு" என்றாள்.

ஏழு அடித்தது. செழியன் அவளை ஏறிட்டுப் பார்த்தான். போனைப் பார்த்தான். மறுபடியும் அவளைப் பார்த்தான். அவன் கண்ணில் கோபம்கூட இல்லை, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. "கொஞ்சம் தள்ளி நில்லு, வெளிச்சத்த மறைக்கிற" என்று சொல்லிவிட்டு, கட்டைவிரலை அழுத்தினான்.

ஸ்டெல்லாவின் இடது தோளுக்கு நாலு விரற்கடை கீழே ஓட்டை விழுந்தது. சத்தமில்லை. ரத்தமில்லை. ரவிக்கைக் கையிலும் சதையிலுமாக ஒரு வட்டம், அதன் வழியே பின்னால் நின்ற எனக்குச் செழியனின் முகம் தெரிந்தது, செழியனுக்கு என் முகம் தெரிந்தது. ஸ்டெல்லா பல்லைக் கடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்று, "இன்னும் ரெண்டு இருக்கு" என்றாள். வராந்தாவில் ஒரு போன் கீழே விழுந்தது. பிறகு ஒவ்வொருத்தனாக எழுந்து, எங்களைப் பார்க்காமல், சுவர் ஓரமாக நடந்து வீட்டுக்குப் போனார்கள். இரக்கம் என்று யாரும் எழுதிவிட வேண்டாம். தாங்கள் செய்வதை நாங்கள் எதிரே நின்று பார்த்துவிட்டோமே என்ற வெட்கம்தான் அது, அந்த வெட்கமும் எட்டு மணிவரைதான் தாங்கியது, மறுநாள் ஏழுக்குத் தொட்டியிலும் போர்டிலும் மறுபடி ஓட்டை விழுந்தது, ஆள்மேல் மட்டும் விழவில்லை.

சப்-இன்ஸ்பெக்டர் வந்து ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுப் போனார். ஸ்டெல்லா கல்லூரிக்குப் போகிற பஸ் ஊர்த்தெருவில்தான் நிற்கும். தினமும் காலையில் இடது கை வெட்டிய ரவிக்கையைப் போட்டுக்கொண்டு, ஓட்டை தெரிய அங்கே போய் நிற்கிறாள், வலித்தாலும் முந்தானையைப் போர்த்துவதில்லை. எதிரே கடை வைத்திருக்கிறவர்கள் அந்த ஓட்டை வழியாகத் தங்கள் கடையின் போர்டையே பார்க்க வேண்டியிருக்கிறது.

பத்தாம் நாள் சண்முகவடிவேல் வாய்க்காலுக்கு அந்தக் கரையில் வந்து நின்று என்னைக் கூப்பிட்டார். "சலேத்து, நீதான் நல்லா பூசுவியே. அந்தப் புள்ள கையில எதையாவது வச்சு அடைச்சு விட்ரு. பாக்கவே ஊருக்கு அசிங்கமா இருக்கு."

"அடைச்சிரலாம்" என்றேன். "கலவைய நான் கலக்கேன். கரண்டிய உங்க மகன்தான் பிடிக்கணும். இந்தப் பாலத்தத் தாண்டி, தெருவுல நடந்து, எங்க வீட்டுக்குள்ள வந்து, அவ பக்கத்துல உக்காந்து, அவனே பூசி விடட்டும்."

அவர் பாலத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு திரும்பிப் போனார்.

நாலு மாதமாகிறது. கொரியா அணித்தலைவன் தினமும் மத்தியானம் விளையாட்டுக்குள் வந்து, துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டுக் குழாயடியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போகிறான். லூசியா ரொட்டிக்கடை வேலை முடிந்து வந்து, ஸ்டெல்லாவுக்குக் கை வலிக்கிறதா என்று கேட்காமல் தூங்கப் போவதில்லை. இந்தப் பத்தடிப் பாலத்தைத் தாண்ட அந்தக் கரைக்காரர்களுக்கு இன்னும் கால் வரவில்லை.